இரண்டு பஞ்சாங்கங்களும் ஓர் அடுப்பும்

நகரியில் விசைத்தறி ஓட்டிச் சேர்த்த பொருளைக் கொண்டு திருச்சானூரில் மூன்று போர்ஷன்கள் கட்டிய இந்திராணி அம்மாள், தரகர் எவரையும் நாடியதில்லை. குழாய் ஒழுகினாலும் குடித்தனம் மாறினாலும் அவரே முன்னின்று பார்ப்பார். அவர் வாய்ச்சொல்லே பத்திரம்.

அச்சொல்லுக்கே இவ்வாண்டு சோதனை வந்தது. மாடிப் போர்ஷனில் இருந்த ரோஹிணி, ஆடி முடிந்ததும் காலி செய்வதாகச் சொல்லியிருந்தாள். அடுத்து வரவிருந்த தெலுங்குப் பெண் சந்தியாவிடம், ஆஷாடம் கழிந்த முதல் வெள்ளியன்று பால் காய்ச்சலாம் என்று இந்திராணி அம்மாள் வாக்களித்துவிட்டார். தெலுங்கரின் ஆஷாடம் அமாவாசையோடு முடியும். தமிழரின் ஆடியோ அதற்குப் பின்னும் மூன்று வாரம் நீளும். இதை அவர் மறந்துபோனார்.

வியாழனன்று மாடியேறி உள்ளதைச் சொன்னார்.

"ஆடியில புது வூட்ல கால் வெச்சா எங்க மாமியா என்னைத் துன்னுடுவாங்க அக்கா," என்றாள் ரோஹிணி.

"நாளைக்குப் பால் பொங்கலன்னா அவ வேற வூடு பாத்துக்கினு பூடுவாளே. என் சொல்லு என்னாவுறது?"

ரோஹிணி சிரித்தாள். "பால்தானே பொங்கணும்? என் அடுப்புலயே பொங்கட்டும். சாமான் ஆவணியில வரட்டும்."

சந்தியாவும் இசைந்தாள். வெள்ளியன்று பால் நுரைத்துப் பொங்கியது. மூவரும் பகிர்ந்து பருகினர்.

"அக்கா, ஸ்டவ் ராசியா இருக்கு. வுட்டுட்டுப் போங்க," என்றாள் சந்தியா.

"வூட்டுக்காரம்மாவ வேணா எடுத்துக்கோ. ஸ்டவ்வத் தர மாட்டேன்!"

இந்திராணி அம்மாள் சிரித்த சிரிப்பில் தம்ளரில் இருந்த பால் புடவையில் சிந்தியது.