ஏசித் தண்ணீர் குடித்த மலைச்செடி

மேகமும் குளிர்காற்றுமாக இருந்த ஒரு ஜூன் மாதத்தில், ஏசியைப் போட்டுவிட்டு ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களுடையது. எல்லாம் கீழ் வீட்டுப் பெண்ணின் ஒரே ஒரு செடிக்காக.

அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். சிக்கமகளூர்ப் பக்கம் வேர்விட்ட தமிழ்க் குடும்பம்; பேச்சைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். அவளுக்குக் கல்யாணமான பிறகு, அவள் அப்பா அங்கே சின்னதாக ஒரு காபித் தோட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்துக்குப் பின்னால் ஓடை. ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. மழைக்காலத்தில் அந்தப் பாறை முழுக்க நீர் கசியும். மேலே மரங்கள் மூடியிருப்பதால் வெயில் சல்லடையில் சலித்ததுபோல் கொஞ்சமாக இறங்கும். பாசி, பெரணி, காட்டுக் காசித்தும்பை, இவற்றுக்கு நடுவில் இந்தச் செடி. அப்பா அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்பாராம். காலில் அட்டை ஏறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அப்பா தவறிப்போனார். பிள்ளைகள் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர் ரிசார்ட் கட்டுகிறார், ஓடைக்கரையை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்கிறார். மெஷின் வருவதற்கு முன்னால் இவள் ஓடிப்போய் ஒரு கொத்தைக் கிழங்கும் பாசியுமாகப் பெயர்த்து, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

"அந்தப் பாறைல இருந்ததுல மிச்சம் இதான் அக்கா. இதுவும் போச்சுன்னா எங்கப்பா உக்காந்த இடமே போன மாதிரி."

பெயர் கேட்டேன். "எங்க பக்கம் யாரும் பேரு வெக்கல. அதுபாட்டுக்கு இருந்திச்சு, நாங்கபாட்டுக்கு இருந்தோம்" என்றாள். போனில் தேடியபோது மெடோ-ரூ என்று ஓர் ஆங்கிலப் பெயர் வந்தது. நீலகிரியிலும் இமயமலையிலும் அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்களாம். இலையைப் பார்த்தால், மழையில் கொழுத்த கொத்துமல்லி பெரணியைக் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்று சொல்லலாம். தண்ணீர் தெளித்தால் இலையில் ஒட்டாது, பாதரசம்போல் உருண்டு ஓடும்.

எங்கள் பெங்களூரு வைட்ஃபீல்டு அதற்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு வருவது டேங்கர் தண்ணீர். பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்றால் மழை தள்ளிக்கொண்டே போனது. அப்போதுதான் அவள் பார்த்திருக்கிறாள்: புழுங்கிய ஓரிரு மதியங்களில் நாங்கள் போட்ட ஏசியின் குழாயிலிருந்து அவள் பால்கனிக் கம்பியில் சொட்டுகிற தண்ணீர் உப்பில்லாமல், சில்லென்று, நிதானமாக விழுகிறது. பாறை கசிகிற மாதிரியே. செடித் தொட்டியைக் கொண்டுபோய் அதன் அடியில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"அக்கா, ராத்திரி நீங்க ஏசி போடுவீங்களா?"

"இந்தக் குளிர்லயா? எதுக்கும்மா?"

சொன்னாள். எனக்கு மறுக்க வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, "பரவால்ல, ஊட்டிக்குப் போற செலவு மிச்சம்" என்றார். மறுநாளிலிருந்து வாசலில் யாரைப் பார்த்தாலும், "கீழ ஒரு செடி ஹனிமூன் வந்திருக்கு, அதுக்கு நாங்க ரூம் சர்வீஸ்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இலை தேறியது. ஆனால் தொட்டியில் தெறித்த தண்ணீர் அதற்கும் கீழ் வீட்டில் காயப்போட்ட துணியில் விழ, மெயின்டனன்ஸ் ஆள் வந்து நின்றார். "மேடம், நீரு பீள்தா இதெ. பைப் ஹாக்பேக்கு." தண்ணீர் விழுகிறதாம், பைப் போட வேண்டுமாம். சரி என்று குழாயை எங்கள் பால்கனிக்குள்ளேயே திருப்பிக் கேனில் விட்டோம். கேனைக் கீழே கொண்டுபோனால் ஒரேயடியாக ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. மருந்துக் கடையில் சலைன் ஏற்றுகிற டியூப் ஒன்று வாங்கிவந்து, கேனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக விழும்படி சக்கரத்தைத் திருகி வைத்தாள். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "விசிட்டிங் அவர்ஸ் எப்போம்மா?" என்று கேட்டார்.

ஆகஸ்டில் பூத்தது. கூப்பிட்டாள், இறங்கிப் போனோம்.

"எங்க பூவு?" என்றார் இவர்.

"இதான் சார்."

"இது சீப்புல மாட்டின முடி மாதிரில்ல இருக்கு."

நிஜமாகவே இதழ் கிடையாது. மொட்டு பிரிகிறபோது மூடியிருந்த சின்னஞ்சிறு ஓடுகள் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது வெள்ளை நூல்களாக ஒரு சிறு குஞ்சம், நுனியில் லேசான ஊதா. நாங்கள் பேசுகிற மூச்சுக்கே நடுங்கியது. இவர் அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்காரவில்லை.

தீபாவளி முடிந்ததும் இலை மஞ்சளானது. பிறகு தண்டு சாய்ந்தது. ஒரு காலையில் தொட்டியில் வெறும் மண்தான் இருந்தது. அவள் டியூபை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டாள். "தண்ணி பத்தல அக்கா" என்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் ஏசியை அதிக நேரம் ஓடவிட்டேன்.

அவள் தம்பி இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறான். ஓடைக்கு மேலே, காட்டுக்குள், இதே செடி முளைக்கிற இன்னொரு பாறை உண்டு. "அங்கேர்ந்து ஒரு கொத்து அனுப்பச் சொல்லேன்" என்றேன். வீடியோவில் கூப்பிட்டாள். அவன் மூச்சிரைக்க ஏறி, போனைப் பாறைக்கு நேராகப் பிடித்தான். பாசி பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. ஓர் இலைகூட இல்லை.

"என்னத்த அனுப்பறது? பாறையே காஞ்சு கெடக்கு."

"யாராச்சும் பிடுங்கிட்டாங்களாடா?"

"யாரு பிடுங்கறாங்க. மழ நின்னா இது உள்ள போயிடும், மழ வந்தா வரும். நீ ஹப்பம், பண்டிகைன்னு ஆகஸ்ட்ல வந்துட்டு ஆகஸ்ட்லயே போறவ. உனக்கு எங்க தெரியும்?"

போனை வைத்துவிட்டு, சொட்டுகிற டியூபின் முன்னால் போய் நின்றாள். அத்தனை வருஷமும் மழையில் மட்டும் போய் வந்தவள், அந்தப் பாறை எப்போதும் நனைந்தே இருக்கும் என்று நினைத்துவிட்டாள். மண்ணுக்குள் தூங்கப் போன கிழங்கின் தலையில் இத்தனை நாள் தண்ணீர் சொட்டியிருக்கிறது. அழுகியிருக்குமோ?

சக்கரத்தைத் திருகி மூடினாள். அன்றே தோண்டிப் பார்க்கலாம் என்றேன். "பேடா அக்கா, வேணாம், பயமா இருக்கு" என்றாள். தொட்டியை நிழலுக்கு நகர்த்தினோம். மண் வெளுத்தது, ஓரத்தில் வெடித்தது. பொங்கல் கழித்து ஒரு மதியம் அவளே என்னைக் கூப்பிட்டாள். காபி கலக்கும் ஸ்பூனால் மண்ணை ஓரமாகக் கிளறினாள். முதலில் வந்த கிழங்கு அவள் விரலில் கூழாக நசுங்கியது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். அதற்கும் அடியில் நிலக்கடலை அளவில் ஒன்று. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். கெட்டியாக இருந்தது.

மண்ணைத் திரும்ப மூடி, உள்ளங்கையால் தட்டினாள்.

"எங்கப்பாகூட இத இப்பிடிப் பாத்திருக்க மாட்டாரு அக்கா."