சூட்டில் மட்டும் தெரிந்த வெடிப்பு

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், உலு திராமில் கடைவரிசைக்குப் பின்புறம் காளிதாசின் கார் பட்டறை இருக்கிறது. இரண்டு வண்டிகள் நிற்கலாம். மூன்றாவது வந்தால் சாலையோரம்தான். சிங்கப்பூரில் பதினொரு வருஷம் டர்போ கார்களையே பழுது பார்த்தவர். தினமும் எல்லை தாண்டிப் போய்வருவது அலுத்துப்போய்ச் சொந்தமாகத் தொடங்கினார். மனைவி மலருக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. காளிதாஸ் அதிகம் பேசுகிறவர் அல்லர். வேலையில் கர்வம் மட்டும் உண்டு. கோளாறைக் கண்டுபிடிக்காமல் சாமான் மாற்றுகிறவர்களைப் பற்றி இளக்காரமாகத்தான் பேசுவார்.

பக்கத்து ஊரான தெப்ராவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நவ்சாத் அவரைத் தேடி வந்தது ஒரு வியாழக்கிழமை. ஏற்கெனவே இரண்டு பட்டறைகள் பார்த்துக் கைவிட்ட வண்டி.

"முந்தும்போது திடீர்னு செத்துப்போகுது தம்பி. பின்னால யாரோ கயிறு கட்டி இழுக்குற மாதிரி. நிப்பாட்டி மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

"எப்பவும் இப்படியா பாய்?"

"இல்ல லா. கடைக்குப் போயிட்டு வர்றப்ப ஒண்ணும் இல்ல. தூரமா போனாத்தான்."

தூரமாகப் போனால்தான். அந்தச் சொல்லைக் காளிதாஸ் காதில் வாங்கினார். பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

ஸ்கேனர் போட்டதும் டர்போவின் அழுத்தம் அளவு மீறுவதாகக் காட்டியது. டர்போ காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தம் கூடினால் அதைக் குறைக்க ஒரு சின்னக் கதவு திறக்க வேண்டும். விரல் தடிமனுள்ள ரப்பர் குழாய் வழியே போகும் காற்றுதான் அந்தக் கதவைத் திறக்கிறது. கதவு திறக்காவிட்டால் அழுத்தம் எகிறும். இஞ்சின் உடையாமல் இருக்க வண்டியின் கம்ப்யூட்டர் சக்தியைத் துண்டித்துவிடும்.

அந்தக் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு மந்தமாக வேலை செய்தது. மறுநாள் காலை அதை மாற்றினார். குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தார். கைப்பம்பில் காற்றேற்றிப் பார்த்தார்; முள் இறங்கவில்லை, கசிவு இல்லை. ஆனால் இஞ்சின் ஆறியிருந்தது. அரைமணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டி, நன்றாகச் சூடேற்றி, மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. நவ்சாத் தொப்பி போட்டுக்கொண்டு தயாராக வந்து நின்றார்.

"தொழுகைக்கு நேரமாச்சு தம்பி. நாளைக்கு மெர்சிங்ல கல்யாணம், ஹபீபாவோட அண்ணன் மவளுக்கு. முடிஞ்சுதா?"

காளிதாஸ் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். வண்டி சிறுத்தை மாதிரிப் பாய்ந்தது.

"முடிஞ்சுது பாய்," என்றார்.

சனிக்கிழமை பகல் கோத்தா திங்கி தாண்டி, மெர்சிங் போகும் இருவழிச் சாலையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரியை நவ்சாத் முந்தினார். பாதி தாண்டும்போது வண்டி செத்தது. எதிரே ஒரு பிக்கப். பிரேக்கை மிதித்து இடப்பக்கம் ஒடித்தார். காரின் இடது பாதி லோரியின் பின்புறத்துக்குள் போனது. அவர் மனைவி ஹபீபா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

ஹபீபாவை அடக்கம் செய்தபோது நவ்சாத் ஆஸ்பத்திரியில் இருந்தார், கால் இரண்டு இடத்தில் முறிந்து. அவர் இல்லாமலே எல்லாம் முடிந்தது. காளிதாஸ் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினார். "அந்த ரோட்ல முந்தலாமா, வயசான காலத்துல?" என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நவ்சாதும் போலீசிடம் அதையே சொன்னாராம். தப்பு என்னோடதுதான் என்று.

நவ்சாதின் ஒரே மகள் நுஸ்ரத் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவள். லீவு போட்டு வந்து அப்பாவுக்கு மருந்து கொடுத்தாள், சாப்பாடு கொடுத்தாள், பேசவில்லை. ஆறாவது வாரம் காளிதாசுக்கு போன் செய்தாள்.

"அங்கிள், போலீஸ்ல வண்டிய ரிலீஸ் பண்ணிட்டாங்க. நீங்களே இழுத்துட்டுப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க. நான் பாக்க விரும்பல. அத்தாகிட்டயும் பேச முடியல என்னால."

வண்டி வந்தது. மூன்று நாள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். நாலாம் நாள் நெளிந்த பானட்டைக் கம்பியால் நெம்பித் திறந்தார். இடப்பக்கம் நசுங்கிக் கிடந்தது. வலப்பக்கம் பின்னால் அவர் மாற்றிய வால்வும் மாற்றாமல் விட்ட பழைய குழாயும் அப்படியே இருந்தன. குழாயைக் கழற்றிக் கைப்பம்பில் மாட்டினார். முள் இறங்காமல் நின்றது. பெயிண்ட் காய வைக்கும் சூட்டுக்காற்றுக் கருவியை எடுத்து, குழாயின் மேல் காட்டினார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முள் மெல்லக் கீழே இறங்கியது. வளைத்துப் பார்த்தார். உள்வளைவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு திறந்துகொண்டிருந்தது. ஆறவிட்டார், மூடிக்கொண்டது. நாலு தடவை செய்து பார்த்தார். நாலு தடவையும் அப்படியேதான்.

அன்றிரவு மலரிடம் சொன்னார்.

"இன்சூரன்ஸ்காரனே பாத்துட்டுப் போய்ட்டான். நீங்க சொன்னா அந்தம்மா எழுந்து வரப்போறாங்களா? பட்டறைதான் போகும்."

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவளே வாசலில் நின்று கேட்டாள்.

"அந்தப் புள்ள அப்பாகூட பேசுறதே இல்லன்னீங்களே, நெசமா?"

"ஆமா."

"அப்போ போய்ச் சொல்லிருங்க."

காளிதாஸ் வீடு தேடிப் போனபோது நவ்சாத் மிகவும் மெலிந்திருந்தார். காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நுஸ்ரத் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"நீயும் இரும்மா," என்றார் காளிதாஸ். குழாயை மேசைமேல் வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சூடேறினால் வெடிப்பு திறக்கும், காற்று கசியும், கதவு திறக்காது, வண்டி தானே சக்தியை வெட்டிவிடும்.

நவ்சாத் குழாயைத் தொடவில்லை.

"ஆக்சிலேட்டர முழுசா அமுக்குனேன் தம்பி," என்றார். "வேகம் வரல. பயத்துல கால எடுத்துட்டேனோன்னு இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க எடுக்கல பாய்."

"ஹபீபா 'என்னங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

நுஸ்ரத் அப்பாவைப் பார்த்தாள். பிறகு காளிதாசைப் பார்த்தாள்.

"நீங்க செக் பண்ணலையா அங்கிள்?"

"ஆறியிருக்கும்போது பண்ணேன். சூடா வச்சிப் பண்ணணும். தெரியும். பண்ணல."

"தெரியும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். காளிதாஸ் வாய் வைக்காத தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைத் தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது.

"நாந்தானே அவசரப்படுத்துனேன்," என்றார் நவ்சாத்.

"வண்டிய கொடுக்காம நான் வச்சிருக்கலாம் பாய்."

நவ்சாத் அதை மறுக்கவில்லை. காளிதாஸ் எழுந்தபோது, பழக்கத்தில் "போயிட்டு வாங்க" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போங்க தம்பி. இனிமே வராதீங்க."

காளிதாஸ் அங்கிருந்து நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். எழுதிக்கொண்டார்கள், குழாயை ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. எந்த போன் வந்தாலும் அவர் கை ஒரு கணம் தயங்குகிறது. செய்தி பரவியது, தெப்ராவிலிருந்து வண்டிகள் வருவது நின்றது. வருகிற ஒன்றிரண்டையும் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, மூன்று தடவை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறார். அவசரம் என்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். மலர் கூடுதல் ஷிஃப்ட் எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் அவள் சந்தையில் அப்பாவையும் மகளையும் பார்த்தாள். நவ்சாத் கைத்தடியோடு நடந்தார். நுஸ்ரத் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். மலர் மீன் கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அன்று மதியம் சாப்பாடு போடும்போது அதைச் சொன்னாள்.

"கால் நல்லா ஊனுறாரா?" என்று கேட்டார் காளிதாஸ்.

"இல்லங்க. இழுத்து இழுத்துத்தான்."

அவர் தலையாட்டினார். பிசைந்த சோறு தட்டில் அப்படியே இருந்தது.