கைலியைத் தூக்கச் சொன்னேன்

நான் அதிர்ந்து பேசாதவள். பேருந்தில் நான் இறங்கும் இடம் வந்தால்கூட, வேறு யாராவது மணி அடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.

அன்று காஹாங்கிலிருந்து நானும், என்னோடு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தனமும் மேரியும் மெர்சிங் கடற்கரைக்குப் போயிருந்தோம். கரையோரமாகவே நடந்து படகுத்துறைக்கு வந்ததும் தனத்துக்குக் குளிக்க ஆசை வந்துவிட்டது.

"தோட்டத்து ஆத்துல நீந்துனவளுக்கு இது என்னா லா?" என்று கைலியை மார்போடு கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கடல்நீர் இறங்கும் நேரம் என்பது எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் நீந்தியவளை நீர் உள்ளே இழுத்தது; திரும்ப முடியவில்லை. நனைந்த கைலி காலைச் சுற்றிக்கொண்டது.

"கால் அசையலடி!" என்று அலறினாள். மேரி படகு தேடி ஓடினாள்.

சின்ன வயதில் ஆற்றில் கைலியின் கீழ்விளிம்பைத் தூக்கித் தண்ணீரில் அடிப்போம். உள்ளே காற்று அடைபட்டு பலூன் போல உப்பும். அதைப் பிடித்துக்கொண்டு மிதப்போம். பயத்தில் தனம் அதை மறந்துவிட்டாள். எனக்கு நினைவிருந்தது. ஆனால் துறை முழுக்க ஆண்கள். வாய் வரவில்லை.

அவள் தலை ஒருமுறை முங்கியது.

"தனம்! கைலியத் தூக்குடி! தூக்கி அடிடி!"

துறையே திரும்பிப் பார்த்தது. மறுபடியும் கத்தினேன். கைலி உப்பியது. அதைக் கட்டிக்கொண்டு மிதந்தவளை, மேரி அழைத்து வந்த மீன்படகு ஏற்றிக்கொண்டது.

கரையில் கைலி நுனியைப் பிழிந்துகொண்டே தனம் கேட்டாள்: "அலமாக், ஐயையோ! இத்தன ஆம்பளைங்க முன்னாடி எவடி இப்படிக் கத்துவா?"

மேரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனம் முங்கும்வரை நான் வாய்மூடி நின்றது அவளுக்குத் தெரியாது.

இப்போது பேருந்தில் மணியை நானே அடிக்கிறேன்.