காலில் முளைத்த புதுக் குழாய்கள்

பிரேசர் டவுன் மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்த வருடம் என் கணவர் தனபாலுக்கு அது அரை மணி நேரம் ஆனது. வழியில் நின்று சினிமா போஸ்டர் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். "போதும் வாங்க, அந்தப் பொண்ணு வெக்கப்படப் போறா" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே இடது கெண்டைக்காலைத் தேய்ப்பார். வலி அடங்கும்வரை நிற்பதற்கு அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது என்பது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆயிற்று.

இதே நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டில் நடந்த தவறு உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அவர் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. இவர் பெங்களூருக்கு வந்து லேத் (இரும்பு கடையும் இயந்திரம்) ஓட்டினார். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. பதினேழு வயதிலிருந்து பீடி. நான் காக்ஸ் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை.

செருப்பு கடித்து இடது கால் சுண்டுவிரலில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஆஞ்சியோகிராம் (இரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே குழாய்கள் நூல் நூலாக மெலிந்து, பாதத்துக்கு வருமுன் காணாமல் போயிருந்தன. பர்ஜர் நோய் (புகையிலையால் கை, கால் இரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வது) என்றார் டாக்டர். மாற்றுக் குழாய் தைக்கக் கீழே நல்ல குழாயே இல்லை. இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

அன்றே பீடியை விட்டார். பிறகு ஒரு தடவைகூடத் தொடவில்லை. இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

பீடியை விட்டதும் ஈறு வலி வந்தது, எரிச்சல் வந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். எங்கள் பக்கத்தில் பல்வலிக்கு மூக்குப்பொடியை ஈறில் தேய்ப்பது சர்வசாதாரணம். என் மாமியார் பல் விளக்குவதே அதில்தான். "கொஞ்சம் பொடி வெச்சுப் பாருங்களேன்" என்று சொன்னது நான்தான். வைத்ததும் மனிதர் அடங்கினார். அதன்பின் வாரம் ஒரு மட்டைப் பொடி (வாழைப்பட்டையில் கட்டியது), பள்ளி விட்டு வரும் வழியில், நானே வாங்கி வந்தேன். வாயில் வைப்பதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது ஸ்டெம் செல் (வேறு வகை உயிரணுக்களாக வளரக்கூடிய மூல உயிரணு) என்ற சொல் செய்தித்தாள்களில் அடிபடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் டாக்டரின் மருத்துவமனையில் அதைச் சோதனை முறையில் செய்து பார்த்தார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதில் மூல உயிரணுக்களைப் பிரித்து, கெண்டைக்காலில் ஊசியாகப் போடுவார்கள். புதுக் குழாய்கள் முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம். புகைப்பவர்களைச் சேர்ப்பதில்லை.

டாக்டர் கன்னடக்காரர், தமிழும் தெரியும். சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஸ்மோக் மாடுத்தீரா?" (புகை பிடிக்கிறீர்களா?)

"இல்ல சார், பிட்பிட்டே (விட்டுட்டேன்). தொடுறதே இல்ல" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

ஏழு பக்கப் படிவம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

மஜ்ஜை எடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கெண்டைக்காலில் நாற்பது ஊசி குத்தியபோது கத்திவிட்டார். ஆனால் மூன்றாம் மாதம் அந்தப் பாதத்தில் சூடு வந்தது. தினமும் தொட்டுப் பார்ப்பேன், நம்பாமல் மறுபடி தொடுவேன். விரல் புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. மறுபடி படம் எடுத்தார்கள். அடைபட்ட இடத்தைச் சுற்றி வெங்காய வேர்போல மெல்லிய கோடுகள். "இதெல்லாம் புதுசு" என்று டாக்டர் பேனாவால் காட்டினார். நாங்கள் இருவரும் அவர் முன்னாலேயே அழுதோம். அன்று இவர் மார்க்கெட்டிலிருந்து வீடுவரை எங்கும் நிற்காமல் நடந்தார்.

எட்டாம் மாதம் வலி திரும்பியது. உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தது. சுண்டுவிரலுக்கு அடுத்த விரல் கறுத்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரைச் சோதித்தார்கள், அதில் நிக்கோடின் இருந்தது.

"பொய் சொல்லிட்டீங்களே தனபால். எவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்றார் டாக்டர்.

இவர் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். நான் விடவில்லை. "என் புருசன் பீடி குடிக்கல. உங்க மெஷின்தான் பொய் சொல்லுது" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அந்தக் கத்தலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை மருந்து கொடுக்க வந்த நர்ஸ், அவளும் தங்கவயல்காரிதான், இவர் வாயைத் துடைப்பதைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, வாயில இன்னா?"

"பல்லுக்குப் பொடிம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, பொடி புகையிலைல செய்யறதுதானே?"

என் பைக்குள் புதுப் பொடி மட்டை ஒன்று இருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எந்த வழியா உள்ள போனாலும் குழாய்க்கு ஒண்ணுதாம்மா. முளைச்சது எல்லாத்தையும் அடைச்சிருச்சு."

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

"ஸ்மோக் பண்றாரான்னு கேட்டேன்."

"அது மட்டும்தான் கேட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்துவிட்டதாக ஒரு நிமிடம் தோன்றியது. வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலை எடுத்துப் படித்தேன். நாலாம் பக்கத்தில், எந்த வடிவிலும் புகையிலை கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கையெழுத்துக்கு முன் வாக்கியத்தை முழுதாகப் படி என்று பிள்ளைகளை அதட்டுகிறவள் நான்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவருக்கு நாற்பது வயது. லேத் வேலை போயிற்று.

'உன் மேல தப்பில்ல' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். 'உன்னாலதான்' என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் தாங்கிக்கொண்டிருப்பேன். பொடி வாங்கியது தான்தான் என்று நர்ஸிடம் சொல்லி, குற்றத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாராம். அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

ஸ்டெம் செல் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த வேர்களை என் கண்ணால் பார்த்தேன். அவர் உடம்பு தன்னால் முடிந்ததைச் செய்தது. உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: பொடி, வெற்றிலையோடு போடும் புகையிலை, பல்லில் தேய்ப்பது, எல்லாவற்றையும்.

இனி வலது காலைக் காப்பாற்ற வேண்டும். பாதத்தின் மேல், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக, நாடி பார்க்க டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "அழுத்தாதீங்க. உங்க விரல்ல அடிக்கிறதே அவரோடதுன்னு தோணும். சந்தேகம் வந்தா இன்னொரு கைய உங்க கழுத்துல வெச்சுப் பாருங்க. எப்பவும் ரெண்டும் ஒண்ணாவே அடிச்சா அது உங்களோடது."

தினமும் அவர் எழுமுன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்கிறேன். ஒரு கை அவர் பாதத்தில், ஒரு கை என் கழுத்தில். சில நாள் இரண்டும் ஒன்றாகவே அடிக்கும். விரலை மயிரிழை நகர்த்தி மறுபடி பார்ப்பேன். பால்காரர் மணியடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். இரண்டும் வேறு வேறு என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.