பற்றரிக்கு ஓய்வு கொடுத்த கதை

நான் இப்போது இருக்கும் ஊரில் கார்களுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. நோர்வேயின் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சின்னப் பட்டணம் இது. ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு கறுப்பு வயர் வெளியே வந்து சுவரில் இருக்கும் பிளக்கில் போய்ச் சேர்ந்துவிடும். எஞ்சின் குளிரில் விறைத்துப் போகாமல் சூடாக்கி வைக்கும் ஏற்பாடாம். பெயர் ‘மோட்டர்வார்மர்’. முதன்முதல் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வீட்டுக்குக் கறண்ட் இல்லாமல், கார்ப் பற்றரியை வீட்டுக்குள் வைத்து விளக்கு எரித்தவர்கள் நாங்கள். இவர்களோ வீட்டுக் கறண்டை எடுத்துக் காருக்குக் கொடுக்கிறார்கள்!

நான் வாங்கிய பழைய காருக்கு அந்த வயர் இல்லை. அதனால் என்ன, ஒரு பற்றரியை நீண்டநாள் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று எனக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றே நினைத்தேன். அந்த நினைப்பினால் என் மனைவி சுகந்தி இங்கே வந்து சேரும் காரியமே கெட்டுப்போகப் பார்த்தது.

என் ஊர் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஊர்களில் ஒன்று. போர் முடிந்து, முகாமிலிருந்து எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அங்கே வீடும் இல்லை, கறண்ட் கம்பமும் இல்லை. தகரமும் தறப்பாளும் கொண்டு கொட்டில்கள் போட்டோம். பிறகு ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு கார்ப் பற்றரி வாங்கினோம். ஐந்து வீட்டிலும் கார் இல்லை என்பது வேறு விஷயம். பகலில் எல்லோருடைய போனுக்கும் சார்ஜ், பொழுதுபட்டதும் ஒரு சின்ன விளக்கு, அதன்பிறகு ஒரு மணித்தியாலம் கறுப்பு வெள்ளை ரிவி. நான் முன்னர் உழவு இயந்திரம் ஓட்டியவன் என்பதால் பற்றரிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று பணிவாகச் சொல்கிறேன். உண்மையில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பதவியில் நான் நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. விளம்பரம் தொடங்கியதும் ரிவியை நிறுத்திவிடுவேன். மனதுக்குள் இருநூறு வரை எண்ணிவிட்டுத் திரும்பப் போடுவேன். சிலவேளை அதற்குள் கதை பாதி ஓடியிருக்கும். நாடகத்தில் அந்த மாமியார் மருமகளை ஏன் அறைந்தாள் என்பது எங்கள் ஐந்து வீட்டாருக்கும் இன்றுவரை தெரியாது. பற்றரி இறங்க இறங்க ரிவியில் படமும் நான்கு பக்கத்தாலும் சுருங்கிக்கொண்டு வரும். கடைசியில் தபால் முத்திரை அளவுக்கு ஒரு மனிதர் நின்று அழுதுகொண்டிருப்பார். “இஞ்ச பாருங்கோ, நீங்கள் பற்றரியைக் காப்பாத்துறியளோ, எங்களைக் கொல்லுறியளோ?” என்று சுகந்தி எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். நான் அசையவில்லை. பாவிக்காமல் வைத்திருந்தால் பற்றரி நீண்டநாள் நிற்கும் என்பது என் கொள்கை. ஊரடங்கிலும் முகாமிலும் வளர்ந்த கொள்கை அது. இருக்கிற எதையும் தொடாமல் வைத்திருந்தால்தான் நாளைக்கும் இருக்கும்.

சார்ஜ் பண்ண மன்னார் உப்புக்குளத்துக்குப் போகவேண்டும். பஸ்ஸில் ஒருமுறை கொண்டுபோனேன். அசிற் சிந்தி ஒரு அம்மாவின் சேலையில் ஓட்டை விழுந்தது. அன்றோடு கொண்டக்டர் என் முகத்தைக் கண்டாலே மணியடித்து பஸ்ஸை எடுத்துவிடுவார். பிறகு சைக்கிள்தான். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது பற்றரி என்னை ஓட்டுகிறதா, நான் பற்றரியை ஓட்டுகிறேனா என்று தெரியாது. அங்கே அஸீஸ் நானாவின் சார்ஜ் கடை. எங்களைப் போல அவரும் திரும்பி வந்தவர்தான். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து, கூரை போடுவதற்கு முதல் சார்ஜ் மெசினைப் பூட்டியவர். என் பற்றரியைத் தூக்கிப் பார்த்ததுமே அவருக்குக் கோபம் வரும்.

“முழுக்க வத்தினாப் பொறகுதான் கொண்டு வாறீங்க தம்பி. வத்தினதையும் ரெண்டு கிழமை மூலையில வச்சிட்டு வாறீங்க. இது என்ன ஒட்டகமா, ஒருக்காக் குடிச்சிட்டு மாசக்கணக்கா நடக்க? இது ஆடு தம்பி, ஆடு. நெடுகக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னக் குடுக்கோணும்.”

“ஓம் நானா” என்று தலையாட்டுவேன். மனதுக்குள், அடிக்கடி போனால் கடைக்குத்தானே வியாபாரம் என்று சிரித்துக்கொள்வேன். நல்ல மனிதரைச் சந்தேகப்பட்ட பாவம் சும்மா விடுமா?

நான் நோர்வேக்கு வெளிக்கிட்டபின் பற்றரிப் பொறுப்பைச் சுகந்தி எடுத்துக்கொண்டாள். முதல் நாளே விளம்பரச் சட்டத்தை நீக்கினாள். கிழமைக்கு ஒருமுறை, தேவையோ இல்லையோ, உப்புக்குளத்துக்கு அனுப்பினாள். என் காலத்தைவிட அவள் காலத்தில் பற்றரி கூடுதலாக நின்றது. இதை அவள் எனக்குப் போனில் சொன்னபோது, பற்றரி பழகிவிட்டது, அதுதான் காரணம் என்றேன்.

இங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு நிற்கவேண்டும். வீட்டிலிருந்து நாலே கிலோமீற்றர். காரை வாங்கிய அன்றே கொள்கையை அமுலுக்குக் கொண்டுவந்தேன். வெயில் காலத்தில் சைக்கிளில் போய்க் காருக்கு ஓய்வு கொடுத்தேன். லீவு நாளில் தறப்பாளால் மூடிவைத்தேன். பனிக்காலம் வந்து ஓட்டத்தான் வேண்டும் என்றானபோதும் ரேடியோ போடவில்லை, சூட்டுக் காற்றுப் போடவில்லை. சிவப்பு லைற்றில் நிற்கும்போது முன்விளக்குகளை அணைத்துவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். பழைய விளம்பர நேரம் போலத்தான். ஒருநாள் பொலிஸ்காரப் பெண் ஒருவர் மறித்தார். ஏன் விளக்கை அணைத்தாய் என்று கேட்டார். “சேமிக்கிறேன்” என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். யாருக்காக என்று கேட்டார். “என் மனைவிக்காக” என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, குழாயை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினேன். குடிக்கவில்லை என்று கண்டதும்தான் அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. சுகந்தியைக் கூப்பிட எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். என் ஒப்பந்தம் பனிக்காலம் முடியும்வரைதான். ஒழுங்காக இருந்தால் அதன்பிறகு நிரந்தரம் என்று மேற்பார்வையாளர் மாரித் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக அவளும் நானும் போனில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து, தை மாதத்தில் ஒரு காலை, கார் ஒருமுறை முனகிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. பனியில் நடந்து போய்ச் சேர ஏழாகிவிட்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு இன்னொரு முறை. மாரித் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தன் கையால் கோப்பி ஊற்றித் தந்து, மூன்றாவது முறை நடந்தால் ஒப்பந்தத்தை நீடிக்க வழியில்லை என்று மெதுவாகச் சொன்னார். தினமும் நடந்தே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சைகை காட்டினாலும் சறுக்கி வரும் லொறிகளுக்கு நடுவே, நடைபாதை இல்லாத தெருவில், கண் தெரியாத பனிப்புயலில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு ரூனே பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவர். தேவைக்குமேல் ஒரு சொல் பேசமாட்டார். இரண்டாவது முறை கார் படுத்த அன்று பின்னேரம், தன் காரிலிருந்து வயர் கொடுத்து அதை எழுப்பிவிட்டார்.

“ஓட்டு” என்றார்.

“எங்கே?”

“எங்கேயாவது. ஞாயிறு தோறும் ஒரு மணித்தியாலம்.”

“அங்கே போய் என்ன செய்ய?”

“திரும்பி வா.”

நான் அவரைப் பைத்தியம் பிடித்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கார் ஓடும்போதுதான் பற்றரிக்குச் சாப்பாடு ஏறும். நாலு கிலோமீற்றரில் ஒன்றும் ஏறாது. எழும்பச் செலவழித்ததே திரும்பக் கிடைக்காது. நீ ஓய்வு கொடுக்கவில்லை, பட்டினி போட்டிருக்கிறாய். அஸீஸ் நானா அங்கிருந்து நடந்து வந்து இவர் வாய்க்குள் உட்கார்ந்ததுபோல இருந்தது. இந்த நாட்டில் இதற்கு ‘சொண்டாக்ஸ்தூர்’ என்று ஒரு பெயரே இருக்கிறதாம், ஞாயிறு உலா. ஆட்கள் ஆசைக்கே போவார்களாம். எங்கள் ஊரில் சோதனைச்சாவடியில் “எங்கே போறாய்?” என்று கேட்டு, “சும்மா” என்று பதில் சொன்னவன் எவனும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்ததில்லை. முதல் ஞாயிறு போகும்போது, யாராவது மறித்துக் கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன்.

மறித்துக் கேட்டது சுகந்தி.

“ஞாயிறு எடுத்தா போன் வேலை செய்யுதில்ல. எங்க போறனீங்கள்?”

“ஒரு இடமும் இல்ல சுகந்தி.”

“ஒரு இடமும் இல்லாத இடத்துக்கு ஒரு மணித்தியாலம் காரில போறியளோ? ஆர் கூட?”

“ஆரும் இல்ல. பற்றரிக்காகப் போறன்.”

“ஓகோ. அவவுக்குப் பேர் பற்றரியோ?”

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. விளம்பரத்துக்கு ரிவியை நிறுத்திய மனிதன் காரணமில்லாமல் கார் ஓட்டுகிறான் என்றால் எந்த மனைவி நம்புவாள்? இரண்டு நாள் போன் வரவில்லை. நான் வெட்டிய மீன்களெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. மூன்றாம் நாள் எடுத்தாள். அந்தக் கிழமை பற்றரியை உப்புக்குளத்துக்கு அவளே கொண்டுபோய், அஸீஸ் நானாவிடம் விசாரித்திருக்கிறாள். “ஓம் தங்கச்சி, ஓடினாத்தான் ஏறும். உங்கட மனுசனுக்கு இப்பயாச்சும் வெளங்கிச்சே” என்று அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். நான் சந்தேகப்பட்ட மனிதரே கடைசியில் என் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பனிக்காலத்தின் கடைசிக் கிழமை குளிர் கொடூரமாக இறங்கியது. ஞாயிறு ஓட்டத்தை மட்டும் நம்ப எனக்குத் துணிவு வரவில்லை. தினமும் வேலையால் வந்ததும் பற்றரியைக் கழற்றி, நான் உடுக்கும் சாரத்தால் சுற்றி, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். விடிய அஞ்சரைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ரூனே பிடித்துவிட்டார். குழந்தையைப் போல அணைத்திருந்த சாரத்தைப் பார்த்தார். நான் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். “என் அப்பாவும் இப்படித்தான் செய்வார்” என்றார். குளிருக்கு அதைவிட நல்ல வழி இல்லையாம். இத்தனை வருடம் நான் பற்றரிக்குச் செய்ததில் இது ஒன்றுதான் சரி. இதைத்தான் நான் ஒளித்துச் செய்தேன்.

கார் ஒருநாளும் பிந்தவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை மாரித் கடிதத்தைத் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன். அதன்பிறகும் படிவங்கள், பதில்கள் என்று எட்டு மாதம் ஓடியது. எங்கள் ஊருக்குக் கறண்ட் கம்பம் நட்ட கிழமையிலேயே சுகந்திக்கு விசா கிடைத்தது.

வந்த முதல் ஞாயிறு அவளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டத்துக்குப் போனேன். ரேடியோ, சூட்டுக் காற்று எல்லாவற்றையும் ஏறின கையோடு போட்டுவிட்டாள். நான் எதையும் நிறுத்தவில்லை. பாதை கடலோடு முடியும் இடத்தில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றோம். இங்கே காலை, அங்கே மத்தியானம். அவள் ஊரிலிருக்கும் தாய்க்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்ன சத்தம் பிள்ளை? எங்க நிக்கிறியள்?”

“காருக்குள்ள அம்மா. சும்மா வந்தனாங்கள். இனி வீட்டை போறம்.”

“வீட்டை வாறியளோ? வாங்கோ, வாங்கோ. எத்தினை பேருக்கு அரிசி போட?”

நாங்கள் போவது எந்த வீட்டுக்கு என்று, சொல்லி முடிந்தபிறகுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். நான் சுகந்தியின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பேருக்குப் போடுங்கோ அம்மா” என்றாள் சுகந்தி.

நான் காரைத் திருப்பினேன். அங்கே அரிசி கழுவுகிற சத்தம் கேட்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.