தங்கை வீட்டுச் செங்கல் சுவர்

என் தங்கை ஜங்புராவில் வீடு வாங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? நானும் என் வீட்டுக்காரரும் இருப்பது லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஒரு காலண்டர் மாட்டுவதற்கு ஆணி அடிக்கக்கூட யோசிக்கிற வீடு அது. எனக்குப் பின்னால் பிறந்தவளுக்கோ தில்லியில், அதுவும் ஜங்புராவில், சொந்தமாக ஒரு தரைத்தளம்.

வீட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதன் கூடத்துச் சுவர்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பழைய கட்டடம். பூச்சை உரித்துப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பில் செங்கல். அப்படியே பூசாமல் விட்டுவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரும் போய்த் தடவிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை.

"செங்கல்னா செங்கல்தான் அக்கா. பெயின்ட் வேண்டாம், டிஸ்டெம்பர் வேண்டாம். நாம செத்தப்புறமும் அப்படியே நிக்கும்" என்றாள் தங்கை.

அங்கேதான் எனக்கு வசமாக ஒன்று கிடைத்தது. நான் வேலை பார்ப்பது அரசாங்கக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில். சுவரில் ஈரம் ஏறுவதை இந்த ஊரில் சீலன் என்பார்கள். சீலன் புகார்களுக்கு இன்ஜினியர்கள் எழுதும் பதில்களை டைப் அடித்து அடித்தே எனக்குப் பாதித் தலை நரைத்தது. செங்கலையும் கல்லையும் பற்றி ஜனங்கள் என்னென்ன நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. செங்கல் தண்ணீர் குடிக்காது என்பார்கள். டீயில் போட்ட ரஸ்க் மாதிரி குடிக்கும். கல் கட்டடத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை என்பார்கள். சிமெண்டை எவ்வளவு கெட்டியாகப் போடுகிறோமோ அவ்வளவு பலம் என்பார்கள். தங்கையும் அப்படித்தான் நம்பி, செங்கற்களுக்கு நடுவே இருந்த பழைய சுண்ணாம்புக் கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு முழுக்க சிமெண்டை அடைத்திருந்தாள்.

விடுவேனா? "பழைய செங்கல் மெத்துடி, சிமெண்ட் முரடு. ஈரம் சந்து வழியா வெளிய வர முடியாம கல்லு வழியா வரும்" என்றேன் ஒரு தடவை. அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருப்பதை அடுத்த தடவை சொல்லிக் காட்டினேன். அப்புறம் ஒட்டடை படியும் என்றேன், வெளிச்சத்தைத் தின்னும் என்றேன், கூடம் சின்னதாகத் தெரிகிறது என்றேன். முதல் இரண்டும் உண்மை. மற்றதெல்லாம் சுத்த வயிற்றெரிச்சல்.

மழைக்காலம் முடிந்ததும் சுவரில் உப்புப் பூத்தது. வெள்ளை வெள்ளையாக, கீழ்ப்பாதி முழுவதும். பார்த்ததும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு காபி குடித்தேன்.

ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால்தான் அவள் பெண்ணின் நிச்சயதார்த்தம் நடக்க இருந்தது. மண்டபம் வேண்டாம், இந்தச் சுவர்தான் வேண்டும் என்று பெண்ணே பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். தங்கை அதைப் பூஞ்சை என்று நினைத்து சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகப் பூத்தது. காண்ட்ராக்டர் வந்து, "வார்னிஷ் மார் தேங்கே மேடம், ஏக்தம் சமக் ஜாயேகா" என்றான். வார்னிஷ் அடித்துவிட்டால் பளபளவென்று மின்னுமாம்.

அப்போது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. நிச்சயதார்த்தம் நான் தூக்கி வளர்த்த பெண்ணுக்கு. "தண்ணி ஊத்தாதேடி. காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடு. பாத்ரூம் பைப் ஒழுகுதான்னு பாரு. வார்னிஷ் மட்டும் வேண்டாம். உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லோட முகத்தையே பேத்துடும்" என்றேன்.

தங்கை என்னையே பார்த்தாள். "என் வீடு உனக்குக் கண்ணை உறுத்துதுன்னு எனக்குத் தெரியும்க்கா. என் பொண்ணு விசேஷத்துலயுமா?"

"பெரியம்மா, ப்ளீஸ்" என்றாள் அவள் பெண்.

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லியும் அது எடுபடாமல் போனது பொறுக்கவில்லை. இத்தனை நாள் ஒட்டடையும் வெளிச்சமும் பேசிய வாய் அல்லவா, அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று சுவர் நெய் தடவியதுபோல் மின்னியது. மாப்பிள்ளையின் அம்மா அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். "யாரோட ஐடியா?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேசரியைப் பரிமாறிக்கொண்டே நான் அதைப் பார்த்தேன். உதிரப்போகிறது என்று தெரிந்தும் பொறாமையாக இருந்தது.

குளிர்காலம் போய் வெயில் தொடங்கிய சமயம் தங்கை போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

போனேன். செங்கற்களின் முகம் வார்னிஷோடு சேர்ந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. நடுவில் அடைத்த சிமெண்ட் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. சோபா மேலெல்லாம் சிவப்புப் பொடி. தங்கை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தாள். இந்த நாளுக்காக ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை வாக்கியம் ஒத்திகை பார்த்திருக்கிறேன்! அதையெல்லாம் விட்டுவிட்டு முறத்தை எடுத்து அவளோடு பொடியை அள்ளினேன். அவள் கண் சிவந்திருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன பொறாமை விடுகிறதா? கெட்டுப்போவதற்கும் இவளுக்கு ஒரு சொந்தச் சுவர் இருக்கிறதே என்றது.

"நீ சொன்னப்போ, பொறாமையில சொல்றேன்னு நெனச்சேன்க்கா" என்றாள்.

"பொறாமையிலதான்டி சொன்னேன். ஆனா சரியாத்தான் சொன்னேன்."

 தங்கை துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "வா, அந்தப் பைப்பைப் பாரு" என்று என்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.