பெற்றிசியாவின் பன்றிகள் செய்தியில் வந்த மார்கழி

தலைமன்னாரில் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்குப் பன்றியிறைச்சி வேண்டுமென்றால் சனம் பெற்றிசியாவிடம்தான் வரும். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த காலத்தில், ஒரு பெண் பன்றியை வாங்கி அவள் தொடங்கிய தொழில் அது. கணவன் சந்தியோகு கடலுக்குப் போவான். வாடைக்காற்று எழும்பி வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களில் அந்தப் பன்றிக் கொட்டில்தான் வீட்டைத் தாங்கியது. தவிடும் அவித்த மீன்தலையும் போட்டு, நாளுக்கு இரண்டு தரம் கொட்டிலைக் கழுவி விடுவாள்.

அந்த மார்கழியில் தெற்கே பன்றிகள் காய்ச்சலில் சாகின்றன என்று செய்தி வந்தது. மிருக வைத்தியர் வந்து கொட்டிலைப் பார்த்தார். இவளுடைய பன்றிகளுக்கு ஒன்றுமில்லை, அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் நத்தாருக்கு அடிக்கும் பன்றியில் பங்கு சொல்லி வைத்திருந்த இரண்டு வீட்டார், இந்தமுறை வேண்டாம் என்றார்கள்.

நிலக்சன் என்ற பெடியன் ஒரு இணையச் சானலுக்குச் செய்தி எடுத்துக்கொண்டிருந்தான். பெற்றிசியா அவனைத் தானே கூப்பிட்டாள்.

"கமராவை வளவுக்குள்ள விடாதை, பெற்றிசியா. ரெண்டு பேர்தானே வேண்டாமெண்டவை," என்றான் சந்தியோகு.

"சும்மா இருங்கோ. கண்ணால பாத்தால் சனம் நம்பும்."

கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றாள். "எங்கட பண்டியளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பயப்பிடாமல் வாங்கோ," என்று கமராவைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த நாள் அது எல்லோருடைய போனிலும் வந்தது. 'மன்னாரிலும் பன்றிக் காய்ச்சலா?' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. அவள் பேசப் பேச, நடுநடுவே வேறெங்கோ செத்த பன்றிகளை இயந்திரத்தால் குழிக்குள் தள்ளும் காட்சி. அதற்குப் பிறகு அவளுடைய கொட்டில். பிறகும் அந்தக் குழி.

நிலக்சனுக்குப் போன் எடுத்தாள்.

"தலைப்பு நான் போடேல்லை அன்ரி. சானல் கந்தோரில போட்டது. நீங்கள் சொன்னதை ஒரு சொல்லும் வெட்டேல்லைத்தானே?"

அது உண்மைதான். போனை வைத்துவிட்டு, அந்த வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, வருடா வருடம் முதல் பங்கு எடுக்கும் றஞ்சினி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"உங்கட பண்டிக்கு ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. ஆனா பிள்ளையள் அந்த வீடியோவைப் பாத்திட்டுதுகள். தட்டில போட்டால் தொடாதுகள். இந்தமுறை கோழி எடுக்கப்போறம்."

நத்தாருக்கு வெளி வீட்டார் ஒருவரும் பங்கு எடுக்கவில்லை. தங்களுக்கென்று ஒன்றை அடித்தார்கள். பெற்றிசியாவே மிளகு போட்டுச் சமைத்தாள். சந்தியோகு வழக்கம்போலச் சாப்பிட்டான். அவள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். அதற்குள் எத்தனை தரம் அந்த வீடியோவைப் பார்த்திருப்பாளோ, குழிக்குள் புரண்ட உடல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. எழும்பிப்போய்க் கிணற்றடியில் துப்பினாள்.

"உனக்குமோ?" என்று கேட்டான் சந்தியோகு. அதை அவன் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்குக் கூடுதலாக வலித்தது.

மிச்சப் பன்றிகளுக்குத் தீனி போட வழியில்லை. நோய்க்காகப் பன்றிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று அரசு போட்டிருந்த தடை நீங்கியதும், மாந்தைப் பக்கத்து ஆள் ஒருவருக்குத் தாய்ப் பன்றியோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். லொறி போகும்போது அவள் வெளியே வரவில்லை.

இறைச்சி விலக்கும் தபசுகாலம் முடியும் தறுவாயில் றஞ்சினி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். "உயிர்த்த ஞாயிறுக்குப் பங்கு போடுறீங்களோ அக்கா? பிள்ளையள் கேக்குதுகள்."

"பண்டி இல்லை, றஞ்சினி. குடுத்திட்டன்."

"ஐயோ, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவள் மேல் கோபப்படப் பெற்றிசியாவுக்கு மனம் வரவில்லை. இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். பிறகு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சந்தியோகுவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், தை பிறக்கச் சனம் மறந்திருக்கும், என்ன?"

சந்தியோகு ஊசியை நிறுத்தினான். "ஓம்" என்று சொல்ல அவனுக்கு விருப்பமில்லை. "இல்லை" என்று சொல்லவும் முடியவில்லை. வலையின் மறு நுனியை அவளுடைய மடியில் எடுத்து வைத்தான்.